கவுட், யூரிக் ஆசிட் மாத்திரைகளை எந்த வரிசையில், எப்படிச் சாப்பிடுவது: முழுமையான வழிகாட்டி

ரத்தத்தில் கூடிய யூரிக் ஆசிட் மூட்டில் உப்புப் படிகமாகப் படிந்து வீக்கமும் வலியும் தருவதுதான் கவுட். அதற்கு மருந்து வாங்க வருபவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வலியை அடக்கும் மாத்திரையும் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால் பெருவிரல் வீங்கிய அன்று யூரிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்குகிறார்கள், வீக்கம் வடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். நாலு நாளில் நிறுத்த வேண்டிய வலி மாத்திரையையோ மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இரண்டுமே தலைகீழ்.

தாராபுரம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கவுன்ட்டரில் நான் ஒவ்வொருவருக்கும் சொல்ல நினைத்து, கூட்டத்தில் பாதியோடு நின்றுபோகிற விஷயங்களை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். இதில் வரும் மருந்து அளவுகள் உங்கள் சீட்டில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்வதற்காக. மருத்துவர் இல்லாமல் நீங்களே தொடங்குவதற்காக அல்ல.

## 1. முதலில், உங்களுக்கு மருந்து வேண்டுமா?

முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 7.6 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மூட்டு வலி ஒருநாளும் வந்ததில்லை. இருந்தாலும் அந்த எண்ணைக் காட்டி மாத்திரை கேட்கிறார்கள்.

வலி வராதவருக்கு, வெறும் எண்ணைப் பார்த்து மாத்திரை தொடங்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. யூரிக் ஆசிட் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. மருந்துக்கோ அதற்கே உரிய ஆபத்து உண்டு. வராத நோய்க்காக அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? எண் ஏன் கூடியது என்று தேடுவதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை: சிறுநீரகமா, உடல் எடையா, மதுவா, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையா?

தினசரி மாத்திரை தேவைப்படுபவர்கள் வேறு. வருடத்துக்கு இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வலி வருபவர்கள், காதுமடலிலோ முழங்கையிலோ விரல்களிலோ சுண்ணாம்புபோல உப்புக் கட்டி தெரிபவர்கள், எக்ஸ்ரேயில் மூட்டு அரித்திருப்பவர்கள். முதல் தடவை வலி வந்தவராக இருந்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், சிறுநீரகக் கல் இருந்தால், யூரிக் ஆசிட் 9-க்கு மேல் இருந்தால் மருத்துவர் தொடங்கச் சொல்லலாம்.

இன்னொன்று. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் இயல்பாகத் தெரியலாம். அதைப் பார்த்து "எனக்குக் கவுட் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

## 2. மருத்துவரிடம் போகும் முன் பையில் எடுத்துவைக்க வேண்டியவை

வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர், சுகர், கொழுப்பு, தூக்கம், நாட்டு மருந்து, சத்துப் பொடி எல்லாம். "பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது.

காரணம் அட்டையிலேயே இருக்கிறது. பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்ற ஓர் எழுத்து இருக்கிறதா பாருங்கள். டெல்மிசார்டனோ லோசார்டனோ எதுவானாலும் சரி, அந்த ஹெச் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடைக் குறிக்கும். "சிடி" என்று இருந்தால் குளோர்தாலிடோன். இரண்டும் சிறுநீரைப் பிரிய வைக்கும் மருந்துகள், இரண்டும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். ஃபுரோசமைடும் அப்படித்தான். சிலருக்கு அந்த ஒரு எழுத்தை மாற்றினாலே யூரிக் ஆசிட் கணிசமாக இறங்கிவிடும். லோசார்டன் மட்டும் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும் என்பதால் மருத்துவர் அதற்கு மாற்ற யோசிக்கலாம்.

இதயத்துக்காகச் சாப்பிடும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடு நன்றாகவே ஏற்றும். இதைப் படித்துவிட்டு இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெருவிரல் வலியைவிட மாரடைப்பும் காசநோயும் பெரியவை. மருத்துவர் பார்க்கட்டும், அவர் முடிவு செய்யட்டும்.

பரிசோதனைகளில் கட்டாயம் வேண்டியது கிரியாட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. கவுட் மருந்துகளில் பலவற்றின் அளவைச் சிறுநீரகம்தான் தீர்மானிக்கிறது. இப்போது பல லேப்களில் கிரியாட்டினினோடு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும் தருகிறார்கள். அது 60-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளை மேலே வைத்து முதலில் காட்டுங்கள். கூடவே ஈரல் பரிசோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சுகர்.

முன்பு எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதன் பெயரை எழுதி எடுத்துப் போங்கள். வயிற்றுப் புண், இதயச் செயலிழப்பு, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை, கர்ப்பம் அல்லது கர்ப்பத் திட்டம், இவற்றில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

## 3. கைக்கு வந்த மாத்திரைகளை இரண்டு கவராகப் பிரியுங்கள்

கடையில் எல்லா மாத்திரையையும் ஒரே வெள்ளைக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்போம். கவுட்டுக்கு அது போதாது. நீங்கள் இரண்டு கவர் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கவரில் "வலி வந்தால் மட்டும்" என்று எழுதுங்கள். கோல்சிசின், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், இண்டோமெத்தசின், பிரெட்னிசோலோன் போன்றவை இதில் வரும். இவை வீக்கத்தை அடக்கும். யூரிக் ஆசிட்டை இம்மியும் குறைக்காது.

இன்னொன்றில் "தினமும்" என்று எழுதுங்கள். அலோபியூரினால், பெபுக்சோஸ்டாட் இதில் வரும். இவை யூரிக் ஆசிட்டைக் குறைக்கும். இன்றைய வலிக்கு ஒன்றும் செய்யாது.

கோல்சிசின் மட்டும் சில மாதங்களுக்கு இரண்டு கவரிலும் இருக்கலாம். ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன். அதுவரை மருத்துவர் எதற்காக எழுதினார் என்பதை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

அட்டையை வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேளுங்கள். பெயரில்லாத நாலு வெள்ளை மாத்திரை வீட்டில் கிடந்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது. அலோபியூரினாலின் பழக்கமான வியாபாரப் பெயர் ஸைலோரிக், கோல்சிசினின் ஒரு வியாபாரப் பெயர் ஸைகோல்சின். அவசரத்தில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். அலோபியூரினால் என்று நினைத்துக் கோல்சிசினை தினம் மூன்று போட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த படியைப் படித்தால் புரியும். வியாபாரப் பெயரை மட்டும் நம்பாமல் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், அல்லது எங்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

## 4. வலி வந்த நாளில் என்ன செய்வது

நள்ளிரவில் அல்லது விடியற்காலையில் தொடங்குவது கவுட்டின் வழக்கம். போர்வை பட்டாலே உயிர் போகும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால், என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மருந்து நன்றாகக் கேட்கும். தள்ளிப்போனால் அதே மருந்து அவ்வளவாக வேலை செய்யாது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்காய்ச்சலோடு ஒற்றை மூட்டு கொதித்துச் சிவந்திருந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். பழைய கவுட்தான் என்று வீட்டிலிருந்த மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டால் சில நாட்களிலேயே மூட்டு அழிந்துவிடும். காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனை.

கோல்சிசின். இந்தியாவில் பொதுவாகக் கிடைப்பது 0.5 மி.கி. மாத்திரை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது: உடனே இரண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தினம் ஒன்று அல்லது இரண்டு, வலி அடங்கும்வரை.

"பேதி ஆகும்வரை மணிக்கு ஒரு மாத்திரை" என்பது பழைய முறை. இன்றும் சில பெரியவர்கள் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். குறைந்த அளவும் அதே பலனைத் தருகிறது, பேதி மட்டும் வெகுவாகக் குறைகிறது என்று 2010-ல் வெளிவந்த ஆய்வு காட்டிவிட்டது. பேதி மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் இல்லை, உடம்பு விஷமாகத் தொடங்குவதற்கான முதல் அடையாளம். பேதி தொடங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இந்த மருந்தைப் பற்றி எனக்குள்ள பயம் வீண் பயமல்ல. எங்கள் பக்கம் மூலனூர் வயல்களில் பயிராகும் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தள், நம் மாநிலப் பூ, அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் கோல்சிசின். அந்தக் கிழங்கைச் சாப்பிட்டு உயிர் போனவர்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது அதே பொருள்தான், மாத்திரையில் அளந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அளவு மீறிப்போனால் டயாலிசிஸ் செய்தும் வெளியே எடுக்க முடியாது. ஆகவே மூட்டு வலிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் அந்தக் கிழங்கையோ விதையையோ வாயில் வைக்காதீர்கள். மாத்திரையையும் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு வெகுவாகக் குறையும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட அளவு உங்களுக்கு ஆகாது.

வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகைகள். நல்ல சிறுநீரகமும் நல்ல வயிறும் இருப்பவருக்கு, முழு அளவில், சில நாட்களுக்கு மட்டும் என்றால் நன்றாகவே வேலை செய்யும். வலி போய் ஓரிரு நாளில் நிறுத்திவிட வேண்டும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இரண்டு வலி மாத்திரையைச் சேர்த்துப் போடுவது. காலையில் டாக்டர் எழுதியது, மாலையில் தானாக வாங்கியது. பெயர் வேறு வேறு, வகை ஒன்றே. வலி அதனால் இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் இந்த வகை மருந்து ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள்.

பிரஷருக்கு "சார்டன்" அல்லது "பிரில்" என்று முடியும் மாத்திரையும் கூடவே அந்த ஹெச் அல்லது சிடியும் சாப்பிடுபவர் டைக்ளோஃபெனாக் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கிவிடலாம். பேதியோ வாந்தியோ இருக்கும் நாளில் இன்னும் மோசம். சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வகை உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்னிசோலோன். மேலே சொன்ன இரண்டும் ஆகாதவர்களுக்கு மருத்துவர் ஐந்து நாள் போல ஸ்டீராய்டு எழுதுவார். சரியான ஆளுக்குச் சரியான நாள் கணக்கில் இது நல்ல மருந்து. ஸ்டீராய்டு என்றதும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. சுகர் உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் சுகர் நன்றாக ஏறும், வீட்டில் குத்திப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆபத்து எங்கே என்றால், ஐந்தாம் நாள் சுகமாக இருக்கிறது என்று அதே பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவதில்.

மாத்திரையோடு, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் மூட்டின் மேல் வையுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், சூடு வைக்க வேண்டாம்.

"தினமும்" கவரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வலி நாளிலும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் யூரிக் ஆசிட் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கமே அடுத்த வலியைக் கிளப்பிவிடும்.

## 5. அலோபியூரினால்: சின்ன அளவில் தொடங்குங்கள்

தினசரி மாத்திரையில் முதல் தேர்வு பெரும்பாலும் அலோபியூரினால். தொடக்கம் தினம் 100 மி.கி. அல்லது அதற்குக் கீழே. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 50 மி.கி. கூட எழுதுவார்கள். எடுத்த எடுப்பில் 300 மி.கி. எழுதியிருந்தால், ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியவரா நீங்கள் என்று மருத்துவர் கேட்டாரா என யோசியுங்கள், கேட்கவில்லை என்றால் நீங்களே திருப்பிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சின்ன அளவுக்கு இரண்டு காரணம். ஒன்று, யூரிக் ஆசிட் திடுதிப்பென்று இறங்கினால் மூட்டில் படிந்த உப்புப் படிகங்கள் கலைந்து வலி வரும். இரண்டாவது இன்னும் முக்கியம்: அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்து தோலையே உரித்துவிடும் அளவுக்கு ஒவ்வாமையைத் தரும், பெரிய அளவில் தொடங்கினால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

அந்த ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவந்து எரிதல், முகம் வீங்குதல், தோல் கொப்பளித்து உரிதல். இதில் எது தெரிந்தாலும், மார்பில் நாலு சிவப்புப் புள்ளியாக இருந்தாலும், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். "வெயில் கொப்பளம்" என்று இரண்டு நாள் காத்திருந்து, அந்த இரண்டு நாளும் மாத்திரையைத் தொடர்வதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. தடிப்பு மறைந்தபின் சோதித்துப் பார்க்கலாம் என்று மறுபடி ஒன்று போடவும் கூடாது. அந்த மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், இனி எந்த மருத்துவரைப் பார்த்தாலும் காட்டுங்கள்.

ஹெச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளியினரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால் அவர்களுக்கு முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் எல்லோருக்கும் வழக்கமாக எடுப்பதில்லை. அதனால்தான் நம் கண்ணும் தோலும்தான் இங்கே காவல்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், தாராளமாகத் தண்ணீரோடு போடுங்கள். பகலில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் சேர்வது குறையும். இதயமோ சிறுநீரகமோ காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் உங்களுக்கு.

ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கம்போல ஒன்று மட்டும். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போட வேண்டாம்.

## 6. முதல் ஆறு மாதம் வலி கூடலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள்

ஆட்கள் அதிகம் உதிர்வது இந்த இடத்தில்தான். தினசரி மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் பெருவிரல் மறுபடி வீங்குகிறது. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கவே இல்லைங்க, போட்டதும் வலி கூடிப்போச்சு" என்று கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள்.

அது ஒவ்வாமை அல்ல. வருடக்கணக்காக மூட்டில் படிந்த படிகங்கள் கரையத் தொடங்கியதும் உடம்பின் காவல் அணுக்கள் அவற்றைக் கண்டு கொதிக்கின்றன, அதனால்தான் வீக்கம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்றாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடைக்கால வலியைத் தடுக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை குறைந்த அளவு கோல்சிசின், தினம் ஒன்றோ இரண்டோ, சேர்த்து எழுதுகிறார்கள். முன்பு இரண்டு கவர் என்று சொன்னேனே, கோல்சிசின் "தினமும்" கவருக்கு வருவது இதற்காக. சீட்டில் இது இல்லையென்றால் "வலி வராமல் தடுக்க ஏதாவது வேண்டுமா?" என்று கேளுங்கள். அது முடிய வேண்டிய தேதியையும் கேட்டு எழுதிவையுங்கள். முடிவில்லாமல் ஓடும் கோல்சிசின் தசையையும் நரம்பையும் கெடுக்கும்.

## 7. 6-க்குக் கீழே வரும்வரை அளவை ஏற்றுவது

ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாகத் தொடங்கும். அதற்குக் கீழே வைத்திருந்தால் புதிதாகப் படியாது, பழையதும் கரையும். ஆகவே இலக்கு 6-க்குக் கீழே. உப்புக் கட்டி உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே.

சின்ன அளவில் தொடங்கி அங்கேயே நிற்பது இன்னொரு பெரிய தவறு. 100 மி.கி. என்பது பெரும்பாலோருக்கு ஆரம்பப் படி மட்டும்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போல ரத்தம் பார்த்து, மருத்துவர் 100, 100 ஆக ஏற்றுவார். பலருக்கு 300 தேவைப்படும், சிலருக்கு அதற்கும் மேல். அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 800 மி.கி. ஏற்றும்போது கிரியாட்டினினும் ஈரல் பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 300-க்கு மேல் போனால் இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்வார்கள், வயிறு தாங்குவதற்காக.

இலக்கைத் தொட்டபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு நோட்டில் தேதி, யூரிக் ஆசிட், கிரியாட்டினின், மாத்திரை அளவு என்று நாலு கட்டம் போட்டு எழுதிவையுங்கள். மருத்துவர் மாறினாலும் அந்த ஒரு பக்கம் போதும், கதை புரிந்துவிடும்.

## 8. பெபுக்சோஸ்டாட் எழுதியிருந்தால்

அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது அதில் இலக்கு எட்டாதவர்களுக்கு இது நல்ல மாற்று. 40 மி.கி. அல்லது அதற்குக் கீழே தொடங்கி, தேவையானால் 80 வரை. முதல் மாதங்களில் வலி வருவது இதிலும் உண்டு, 6-ஆம் படி இதற்கும் பொருந்தும்.

இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இதய மரணம் கூடலாம் என்று 2019-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. 2020-ல் ஐரோப்பாவில் வெளிவந்த பெரிய ஆய்வில் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவராக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, அலோபியூரினாலே போதுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஈரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அலோபியூரினாலையும் இதையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஒரே வேலையைச் செய்பவை. ஒரு மருத்துவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் எழுத, இரண்டும் ஒரே டப்பாவில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## 9. வேறு மருந்து எழுதும்போதெல்லாம் இதைச் சொல்லுங்கள்

அசதையோப்ரின், மெர்காப்டோப்யூரின். சிறுநீரக மாற்று, லூபஸ், குடல் அழற்சி நோய்களுக்குக் கொடுப்பவை. அலோபியூரினாலோ பெபுக்சோஸ்டாட்டோ இவற்றோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடலாம். இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான். இவற்றில் ஒன்றைச் சாப்பிடுபவர் இரண்டு மருத்துவரும் பேசி முடிவு செய்யாமல் கவுட் மாத்திரையைத் தொடங்கவே கூடாது.

கிளாரித்ரோமைசின். சளி, நெஞ்சுத் தொற்றுக்கும், வயிற்றுப் புண் கிருமிக்கும் எழுதும் ஆன்டிபயாடிக். கோல்சிசினோடு சேர்ந்தால் கோல்சிசின் உடம்பிலேயே தேங்கி விஷமாகிவிடும். அசித்ரோமைசின் போன்ற மாற்று இருக்கிறது, சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் போன்ற படைக்கான மாத்திரைகள், வெரபமில், டில்டியாசெம், சைக்ளோஸ்போரின் இவையும் அப்படித்தான். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் இப்போது மாதக்கணக்கில் எழுதுகிறார்கள், ஆகவே இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் வகை. கோல்சிசினோடு சேர்த்துப் பலரும் சாப்பிடுகிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தொடையும் தோளும் வலித்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் அலோபியூரினால் தொடங்கினால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். அமாக்ஸிசிலின் சேர்ந்தால் தடிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

பிறகு, பெயரில்லாத பொடிகளும் உருண்டைகளும். மூன்றே நாளில் கவுட் வலி பறந்துபோகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள், அப்படிக் கலந்தவை பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சித்த மருந்து எடுப்பதானால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், லேபிளில் உள்ளடக்கம் அச்சிட்ட மருந்தாக எடுங்கள். எடுப்பதை ஆங்கில மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

## 10. சாப்பாட்டைக் கட்டினால் மாத்திரை வேண்டாமா?

வேண்டும். கண்டிப்பான பத்தியம் யூரிக் ஆசிட்டை ஏறக்குறைய 1 புள்ளிதான் குறைக்கும். 9-ல் இருப்பவர் அதை வைத்து 6-க்கு வர முடியாது.

குறைக்க வேண்டியவை ஈரல், சுவரொட்டி, கிட்னி, மத்தி, நெத்திலி, இனிப்பு பானங்கள், எல்லாவற்றுக்கும் மேலே பீர் உள்ளிட்ட மது. பருப்பையும் தக்காளியையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டு மெலிந்து வருகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. காய்கறி, பருப்பிலுள்ள பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) கவுட்டைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

## 11. எப்போது நிறுத்தலாம்?

வலி வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, யூரிக் ஆசிட் 5.4. இப்போது நிறுத்தலாமா என்கிறார்கள். அந்த 5.4 மாத்திரை தந்த எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும், வலி சில மாதம் கழித்துத் திரும்பும். நடுவே இருக்கும் அந்த நிம்மதியான மாதங்கள்தான் ஆளை ஏமாற்றுகின்றன. பெரும்பாலோருக்கு இது பிரஷர் மாத்திரை மாதிரி நீண்டகால மருந்து.

செலவு காரணமாக விடுபவர்கள் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ ஜெனரிக் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் மாறினாலும் மருந்தும் மி.கி. அளவும் அதேதானா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏதோ காரணத்தால் சில வாரம் விட்டுப்போனால் பழைய 300-ஐ அப்படியே மறுபடி தொடங்காதீர்கள். மருத்துவரைக் கேட்டு, சின்ன அளவிலிருந்தே ஏறுங்கள். 5-ஆம் படியில் சொன்ன இரண்டு காரணமும் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

## 12. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

அலோபியூரினால் தொடங்கியபின் தோல் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் உரிதல். கோல்சிசினுக்குப் பின் நிற்காத வாந்தி பேதி, கைகால் தளர்ச்சி. வலி மாத்திரைக்குப் பின் கறுப்பு மலம், ரத்த வாந்தி, சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல். எந்த மாத்திரையானாலும் கண் மஞ்சளாதல், காரணமில்லாமல் ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல். குழந்தை கோல்சிசினை வாயில் போட்டிருந்தால், பார்க்க நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், உடனே. கோல்சிசின் விஷம் முதல் சில மணி நேரம் ஒன்றும் காட்டாமல் இருக்கும்.

108-ஐ அழையுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், காலியான அட்டையையும் சேர்த்து. எத்தனை மாத்திரை உள்ளே போனது என்று அதை எண்ணித்தான் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். உடம்பு தேறியபின், மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்.